பலகையை இரண்டு விரல் நகர்த்தினேன்

நான் வேலை செய்த பிரிவைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். பழைய அலுமாரியைக் கொண்டுபோவதா, உடைப்பதா என்று கேட்டுத் தர்ஷினி மிஸ் எனக்குக் கோல் எடுத்தார். அவர் இப்போது அங்கே பிள்ளைகளைச் சோதிக்கிறவர். வயது முப்பது இராது. என்னை அங்கிள் என்று கூப்பிடுவார்.

கேட்க வேண்டியதைக் கேட்ட பிறகும் அவர் போனை வைக்கவில்லை. அலுமாரியின் நடுத்தட்டில் இரண்டிரண்டு விரல் தள்ளி மூன்று காடி வெட்டியிருக்கிறதே, அது எதற்கு என்றார். மேலே கிடந்த பழைய கட்டுகளையும் பிரித்துப் பார்த்தாராம். தாளெல்லாம் குறைந்த புள்ளி.

"அந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் புத்தி கம்மியா அங்கிள்?"

இல்லை என்றேன். பிறகு ஏன் என்றார். போனில் சொல்கிற விஷயமில்லை என்றேன். அப்படியானால் எழுதித் தாருங்கள், எங்களுக்கு உதவும் என்றார். நான் ஐந்தாம் வகுப்பு. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் மஹய்யாவைக்காரன். அப்பா முனிசிபல் வேலை. எழுபதுகளின் நடுவில், இருபது வயதில், கண்டியில் இந்தச் சின்னப் பிரிவில் பியோனாகச் சேர்ந்தேன். பிறகு பியோன் என்பதைக் கே.கே.எஸ். என்று மாற்றினார்கள். வேலை மாறவில்லை. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் எங்களிடம் அனுப்பும். பிள்ளையின் புத்தியைச் சோதித்துப் புள்ளி போடுவார்கள். எழுபதுக்குக் கீழே வந்தால் பிள்ளையை வகுப்பிலிருந்து எடுத்துத் தூரத்து விடுதிப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பலாம். எழுபது வந்துவிட்டால் எடுக்க முடியாது. ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்வதுதான் பிரிவின் வேலை.

சோதிக்கிறவர் யோகம்மா மிஸ். யாழ்ப்பாணம். மெலிந்த ஆள். நூல் சேலைதான் கட்டுவார். கழுத்தில் கறுப்பு நாடா, அதில் நேரம் பிடிக்கிற கடிகாரம் தொங்கும். இருபத்திரண்டு வருடம் அவரோடு வேலை செய்தேன். ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. தவறு கண்டால் என் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். அதற்கு ஏச்சு வாங்குவது மேல்.

வேலை பழக ஒரு கிழமை. அதில் நாலு நாள் தூசி தட்டினேன். ஐந்தாம் நாள் என்னைப் பிள்ளையின் இடத்தில் உட்காரச் சொன்னார். பெரியவர்களுக்கான சோதனைப் பெட்டி ஒன்று புதிதாக வந்திருந்தது. அவருக்குக் கை பழக வேண்டும்.

"குடையும் செருப்பும். ரெண்டும் எதில ஒண்டு?"

யோசித்துப் பார்த்தேன். "ரெண்டும் கோயில் வாசல்ல விட்டுட்டுப் போறது மிஸ்."

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதினார். விடைப் புத்தகத்தைப் பார்த்தார். உடம்பைக் காப்பவை என்றால் இரண்டு புள்ளி. உடுத்துப் போகிறவை என்றால் ஒன்று. கோயில் வாசலுக்கு ஒன்றுமில்லை.

"சரியான மறுமொழிதான்" என்றார். "புத்தகத்தில இல்லை."

அவர் போட்ட மொத்தத்தைத் தாளைப் பெட்டியில் வைக்கும்போது பார்த்தேன். எழுபத்தொன்று. வீட்டில்கூடச் சொன்னதில்லை.

சோதனை நாளில் வேலை இப்படி. காலையில் போனதும் ஜன்னல் துடைக்க வேண்டும். வெளிச்சம் பிள்ளையின் பின்னாலிருந்து வர வேண்டும், கண்ணில் அடிக்கக்கூடாது. சுவரில் கடிகாரம் ஆகாது. பிள்ளை உட்கார்ந்தால் பாதம் தரையில் பட வேண்டும். அதற்காகக் கதிரைகளின் காலை அறுத்து மூன்று உயரத்தில் வைத்திருந்தேன். மஞ்சளும் கறுப்புமாக வர்ணம் அடித்த மரக் கட்டைகள், அட்டையில் உள்ள கோலத்தைப் பார்த்து அடுக்குவதற்கு. அவற்றை எண்ணித் துணிப்பையில் போட வேண்டும். பிள்ளை வந்தால் முதலில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் உள்ளே. ஒரு நாள் பஸ் பிந்தி வந்த பிள்ளையை அவசரத்தில் வெறும் வயிற்றோடு அனுப்பிவிட்டேன். மிஸ் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"முத்தையா. நாங்கள் புத்தியை அளக்கிறனாங்கள். பசியை இல்லை."

பிள்ளையைத் திருப்பிக் கூட்டிப்போய் பணிஸ் வாங்கிக் கொடுத்தேன்.

சோதனை நடக்கும்போது நான் கதவடியில் நிற்பேன். பேசக்கூடாது. இருமக்கூடாது. பிள்ளை என்னைப் பார்த்து முகத்தில் விடை தேடும், ஆகவே நான் சுவரைத்தான் பார்க்க வேண்டும். மிஸ்ஸும் நல்லது, பிழை என்று எதுவும் சொல்லமாட்டார். "சரி. அடுத்தது." அவ்வளவுதான். ஆனால் பிள்ளை என்ன செய்தாலும் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்துவிடுவார். மூக்கைத் தடவியது. மழையைப் பார்த்தது. கை மடியில். எதையும் விடமாட்டார். ஏன் இதையெல்லாம் எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். இப்போது தெரியாதது பிறகு தெரிய வரலாம் என்றார்.

கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்குக் கூச்சம் கிடையாது. வந்த புதிதில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் "கெதியாச் செய்யுங்கோ" என்பார். பிள்ளைகள் விழிக்கும். எங்கள் பக்கம் வெரசா என்றால்தான் புரியும் என்று சொன்னேன். கொப்பியில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வெரசாதான். அவர் வாயில் அது ஒட்டவேயில்லை, ஆனாலும் விடவில்லை.

இனி அலுமாரிக்கு வருகிறேன்.

வருடா வருடம் சாதாரண வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சப் பேரையும் சோதிப்பார், ஒப்புப் பார்க்க. எல்லா வருடமும் ஒரே அளவு பிள்ளைகள். அந்தத் தாள்கள் நடுத்தட்டில். குறுக்கே ஒரு பலகை. நூறு என்பது நடு அளவு. நூறுக்குக் கீழே இடது பக்கம், நூறும் மேலும் வலது பக்கம். கடைசி ஐந்து வருடத்துத் தாள்தான் தட்டில் இருக்கும். பழையதைக் கட்டி அலுமாரிக்கு மேலே போடுவேன். நான் வந்தபோது இடது பக்கம் பிதுங்கிக்கொண்டு இருந்தது. வலது பக்கம் தாள்கள் சாய்ந்து விழும்.

ஏழெட்டு வருடத்தில் அது மாறியது. வலது பக்கம் தாளைத் திணிக்க முடியவில்லை. இடது பக்கம் கை போகிற அளவு இடம். நான் யோசிக்கவில்லை. பலகையைக் கழற்றினேன். இரண்டு விரல் இடது பக்கமாகப் புதுக் காடி வெட்டிப் பலகையை அதில் நிறுத்தினேன். சில வருடத்தில் மறுபடி அதே கதை. மறுபடி இரண்டு விரல்.

ஒரு நாள் மிஸ் ஒரு தாள் தேட வந்தார். காடிகளைப் பார்த்தார்.

"இந்தப் பலகையை ஆர் நகர்த்தினது?"

"நாந்தாங்க மிஸ். அந்தப் பக்கம் எடம் பத்தல."

"எப்ப?"

சொன்னேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பலகைதானுங்களே மிஸ்."

மேலே கிடந்த கட்டுகளை இறக்கச் சொன்னார். சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். மூன்று நாள் அந்தத் தாள்களோடு இருந்தார். நான் தேத்தண்ணி வைப்பேன், ஆறிப்போகும்.

மூன்றாம் நாள் எனக்கு விளக்கினார். அதே கேள்வி. விடைகளைப் புள்ளியாக்கும் அதே அட்டவணை. ஆனால் பிள்ளைகளின் புள்ளி ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. வெளிநாடுகளிலும் இப்படி ஏறுவதாகப் படித்திருக்கிறார். தன் அலுமாரியில் அது நடக்கிறதென்று தெரியவில்லை. ஒரு தாளில் பெருக்கல் கூட்டல் பார்க்காமல், பலகையைப் பார்த்து நான் முந்திவிட்டதாகச் சொன்னார். அவர் வாயால் நான் கேட்ட பெரிய பாராட்டு அதுதான்.

ஏன் ஏறுகிறது என்று என்னையும் கேட்டார். வீடு வீடாகப் போகிற ஆள் நீர், உமக்கு என்ன தெரியுது என்றார். டீவி வந்திருச்சே என்றேன். எழுதினார். யோசித்து வெட்டினார். டீவி இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் ஏறியிருக்கிறார்களாம். உப்பில் அயடின் போடுகிறார்களே என்றேன், முன்பு கழலைக் கழுத்தோடு எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எழுதினார். அதையும் வெட்டினார். "உப்பு இப்பதான் வந்தது. பலகை முந்தியே நகர்ந்திட்டுது." இனி வரும் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் உதவும் என்றார். வெட்டாமல் விட்டவை சில. வீட்டில் பிள்ளைகள் குறைந்தது. தாய்மார் படித்தது. கிளினிக், ஊசி, சத்துமா. வருடக்கணக்கில் கூடுதலாகப் பள்ளிக்கூடம் போனது. எது என்று ஒன்றைக் கையால் தொட்டுக் காட்ட முடியாது, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன படித்தவர் அவர்.

ஒன்றை நானே கவனித்திருந்தேன். குடையும் செருப்பும் போன்ற கேள்வி பிள்ளைகளின் தாளிலும் உண்டு. முன்பு பிள்ளைகள் என்னைப்போல எங்கே வைப்பது, யாருடையது என்று சொல்வார்கள். பிறகு வந்த பிள்ளைகள் கேள்வி முடியுமுன் "நம்மளப் பாதுகாக்கிறது மிஸ்" என்றார்கள். கதவடியில் நின்று கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். நான் விட்ட இரண்டு புள்ளியை அவர்கள் எடுத்துவிட்டார்கள்.

சில வருடத்தில் கொழும்பிலிருந்து புது அட்டவணை வந்தது. பிள்ளைகள் ஏறிவிட்டதால் கோட்டையும் ஏற்றிவிட்டார்கள். முன்பு எழுபத்தைந்து எடுத்த அதே விடைகளுக்கு இப்போது எழுபதுகூட வராது. முதலாம் திகதியிலிருந்து இதைத்தான் பாவிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை.

எனக்கு இது உடனே விளங்கியது. என் மனைவி புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். தோட்டத்தில் ஒரு நாள் பேர் விழுவதற்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, இத்தனை கிலோ என்று இருக்கும். கொழுந்து நன்றாக வரும் நாளில் அந்தக் கிலோவைக் கூட்டுவார்கள். நல்ல கைக்காரிக்குக் கவலையில்லை. மெதுவாகப் பறிக்கிறவளுக்கு அரைப் பேர்தான் விழும். அவள் நேற்றுப் பறித்ததைவிட ஒரு இலை குறைத்துப் பறிக்கவில்லை. இதை மிஸ்ஸிடம் சொன்னேன். கொப்பியைத் திறந்தார், எழுதாமல் மூடினார்.

அந்த மாதம்தான் புவனேஸ்வரி வந்தாள்.

புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளை. பதினொரு வயது. வகுப்பில் வாய் திறப்பதில்லை, பாடம் ஏறுவதில்லை என்று பள்ளிக்கூடம் அனுப்பியது. முதலில் கொடுத்த நாள் முந்திய மாதத்துக் கடைசிப் புதன். கம்பளைப் பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. அடுத்த திங்கள் வந்தார்கள். நடுவில் முதலாம் திகதி போய்விட்டது.

தாய் ராசம்மா கொழுந்து பறிக்கிறவள். பிள்ளை பிஸ்கட் சாப்பிடும்போது என்னோடு பேசினாள். அந்த விடுதிக்குப் போன பிள்ளை எதுவும் திரும்பி வந்து வகுப்பில் உட்கார்ந்ததில்லை, பதினாலு வயதானால் கொழும்பில் யார் வீட்டுக்காவது வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்றாள். இவளுக்கு மூத்தவளுக்கு அப்படித்தான் நடந்தது. சொல்லும்போது அழவில்லை.

"இதுக்குப் புத்தி இருக்குண்ணே. வாய்தான் இல்ல. அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றேன். சரிண்ணே என்றாள்.

அன்று நான் சுவரைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தேன்.

மிஸ் கட்டைகளை வைத்தார். வழக்கம்போலச் சொன்னார். "இதைப் பார்த்து இப்பிடி அடுக்கவேணும். வெரசாச் செய்யவேணும். முடிஞ்சவுடன எனக்குச் சொல்லு." கடிகாரத்தை அழுத்தினார். சீக்கிரம் முடித்தால் புள்ளி கூடும். பிள்ளை அடுக்கியது. பிழையில்லை. அடுக்கி முடித்ததும் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தது. மிஸ் காத்திருந்தார். பிள்ளையும் காத்திருந்தது. கடிகாரம் ஓடியது. நேரம் தீர்ந்ததும் மிஸ் "சரி. அடுத்தது" என்றார். ஓரத்தில் எழுதினார். அடுத்த கோலமும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

இந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். மனைவியின் ஊரில், பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில். சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். கையை எடுப்பார்கள். ஒரு அடி பின்னுக்குப் போவார்கள். என்னுடையதை நிறு என்று எவளும் சொல்வதில்லை. கை எடுத்தால் ஆயிற்று என்று அர்த்தம். கணக்கப்பிள்ளை பார்த்துச் சொல்வார். முந்திச் சொன்னால் அது வாய்த்துடுக்கு. தாய்க்குப் பின்னால் தினம் நின்ற பிள்ளை அதைத்தான் படித்திருக்கிறது.

தாயும் மகளும் பஸ்ஸுக்குப் போன பிறகு மிஸ் புள்ளி போட்டார். அறுபத்தேழு. அவராகவே பழைய அட்டவணையையும் எடுத்துப் பார்த்தார். எழுபத்துமூன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுப் பேனையை வைத்தார்.

நான் கேட்காமல் பேசினேன். அதுவே முதல் தடவை. "திகதிய போன புதன்னு போட்டுடுங்க மிஸ். மண்ணு சரியலேன்னா அன்னைக்குத்தானே வந்திருப்பாங்க."

"முத்தையா" என்றார். "நான் ஒரு பொய் எழுதினா, நான் எழுதின உண்மையளையும் பேந்து ஆர் நம்புவினம்?"

தலை குனிந்தேன். ஆனால் போகவில்லை. கதவடியில் நின்று என்ன பார்த்தீர் என்றார். சுவரைப் பார்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டேன். தராசையும் கையையும் சொன்னேன்.

பிள்ளையின் கதிரையில் என்னை உட்காரச் சொன்னார். பதினொரு வயதுக் கதிரை, முழங்கால் நெஞ்சில் இடித்தது. கட்டைகளை என் முன்னால் வைத்தார். நான் அடுக்கிக் கையை எடுத்து மடியில் வைத்தேன். மிஸ் என் கையைப் பார்த்தார். பிறகு புவனேஸ்வரியின் தாளை எடுத்து ஓரத்தைப் பார்த்தார். பொடி எழுத்தில், அவருடைய கையெழுத்தில், ஐந்து இடத்தில் இருந்தது. கை மடியில். கை மடியில். கை மடியில்.

பிள்ளை இன்னும் யோசிக்குது, மாற்றி அடுக்கப் போகுது என்று நினைத்ததாகச் சொன்னார். என்னிடம் சொன்னது மாதிரி இல்லை.

கீழ்த்தட்டைத் திறந்தார். வகுப்பிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளின் தாள்கள் அங்கேதான். தோட்டத்துப் பிள்ளைகளுடையதை மட்டும் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிலதில் அந்த வார்த்தை இல்லை. பலதில் இருந்தது. இருந்ததைத் தனியாக அடுக்கினார். கட்டு உயர்ந்துகொண்டு போனது. எண்ணினார். எத்தனை என்று எனக்குச் சொல்லவில்லை.

அன்றே கொழும்புக்கு எழுதினார். எனக்கு வாசித்துக் காட்டினார், தராசைப் பற்றி எழுதியது சரியா என்று பார்க்க. புவனேஸ்வரியின் சோதனை செல்லாது. தவறு பிள்ளையுடையது அல்ல, சோதித்தவருடையது. பிள்ளை முடித்த நேரம் அளக்கப்படவில்லை. சாட்சி, சோதித்தவரின் சொந்தக் குறிப்பு. ஒரு வருடம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும், அதுவரை பிள்ளை தன் வகுப்பிலேயே இருக்க வேண்டும். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இதேபோலத் தான் தவறாக அளந்த மற்றவர்களின் பட்டியல் இத்துடன் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். மிஸ் நின்றுகொண்டே பதில் சொன்னார். அடுத்த வருடம் வர வேண்டிய மேல்பதவி வரவில்லை.

அந்த வருடம் சனிக்கிழமைகளில் நாங்கள் பஸ் ஏறினோம், பட்டியலில் இருந்தவர்களைத் தேடி. என்னை வரச் சொல்லவில்லை, நான் போனேன். சிலரைக் கண்டோம். சிலரைக் காணவில்லை. சிறியவர்கள் சிலரைத் திரும்பச் சோதித்து வகுப்பில் சேர்க்க முடிந்தது. ஒருவனைக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு இரும்புக் கடையில் கண்டோம். மீசை முளைத்த ஆள். முதலாளி ஒரு முஸ்லிம் நானா. மிஸ் யாரென்று தெரியாமல் அவனைப் புகழ்ந்தார்.

"இவன்ட தலக்குள்ள ஒரு மெஷின் ஈக்கி மிஸ். நான் கொப்பி தொறக்க முந்தி மொத்தத்தச் செல்லிருவான்."

மிஸ் அவனைத் தனியே கூப்பிட்டு, தான் செய்தது பிழை என்று சொன்னார். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பரவாயில்லைங்க மிஸ், அதெல்லாம் போயிருச்சு என்று சிரித்தான். மிஸ் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒரு வருடம் கழிந்து புவனேஸ்வரி வந்தாள். அதே மேசை. பிஸ்கட், அரை மணி நேரம், ஜன்னல், எல்லாம் அப்படியே. கதிரை மட்டும் அடுத்த உயரம். மிஸ் ஒன்றை மட்டும் மாற்றினார்.

"கையை எடுத்தா முடிஞ்சுதெண்டு நான் எடுத்துக்கொள்ளுவன். சொல்லத் தேவையில்லை."

பிள்ளை தலையாட்டியது. அடுக்கியது. கை எடுத்த அந்த நொடி கடிகாரம் நின்றது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. டக். டக். ஒவ்வொன்றும் வெரசா.

புது அட்டவணைப்படி எண்பத்துநாலு. மிஸ் தாளில் "சாதாரணம்" என்று எழுதினார். ராசம்மாவிடம் நான்தான் சொன்னேன்.

"சாதாரணம்னா என்னண்ணே?"

"எல்லார மாதிரியும்னு அர்த்தம்."

அவள் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். "அது போதும்ணே" என்றாள்.

புது அட்டவணை வந்த பிறகு நடுத்தட்டின் இடது பக்கம் மறுபடி பிதுங்கியது. பலகையைத் திரும்ப முதல் காடிக்கே கொண்டுபோனேன். மிஸ் ஓய்வு பெற்றுப் போனார். போகும்போது கடிகாரத்தை அடுத்து வந்தவரிடம் கொடுத்தார். என்னிடம் கொப்பியைக் கொடுத்தார். வெரசா என்பது முதல் பக்கத்தில் இருக்கிறது.

தர்ஷினி மிஸ், நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. அவர்களுக்குப் புத்தி குறைவில்லை. சோதனை கேட்ட மாதிரி பதில் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் இப்போதைய பிள்ளைகள் ஏறியதும் உண்மைதான், அதையும் குறைத்துச் சொல்லாதீர்கள். அந்தக் கட்டைகளில் எத்தனையோ வருடம் கைகளைப் பார்த்தவன் நான். கைகளே வேகமாகிவிட்டன. எதனால் என்று யோகம்மா மிஸ்ஸே ஒன்றைச் சொல்லவில்லை, நான் எங்கே சொல்ல. என் புள்ளி எழுபத்தொன்று. புது அட்டவணைப்படி என்னையும் விடுதிக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

அலுமாரியை உடைக்க வேண்டாம். பலகை இப்போது இரண்டாம் காடியில் நிற்கிறது, பாருங்கள். புது அட்டவணையையும் பிள்ளைகள் தாண்டத் தொடங்கிவிட்டார்கள். நான் ஓய்வு பெறும் வருடம் அதை நகர்த்தினேன். அந்த வருடம் ஒப்புப் பார்க்க வந்த வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். எட்டு வயது. ஒவ்வொரு கோலத்தையும் அடுக்கிவிட்டு, கை எடுக்குமுன்பே "முடிஞ்சு மிஸ், அடுத்தது என்ன" என்று கத்தினாள். அவளுடைய தாளை வைக்கப் போனபோதுதான் வலது பக்கம் இடமில்லை.

அவளுடைய தாய் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். கம்பளையில் ஒரு தையல் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. பெற்றோர் நிரப்ப வேண்டிய படிவத்தைக் கொடுத்துவிட்டு நான் கதவடிக்கு வந்தேன். மூன்று பக்கம். தமிழிலும் சிங்களத்திலும் யாரையும் கேட்காமல் நிரப்பினார். முடித்ததும் பேனையைப் படிவத்தின் மேல் வைத்தார். இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என்னைக் கூப்பிடவில்லை. உடம்பைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, என் முகத்தைப் பார்த்தார்.

படிவத்தின் தலைப்பில் உள்ள பெயரை வாசிக்கத் தேவையிருக்கவில்லை. நான் போய் எடுத்துக்கொண்டேன்.